கண்மாயில் குடியிருந்த கோமதி டீச்சர்

பங்குனி மாதத்து மத்தியான வெயிலில் செல்வராஜ் அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே, "டீச்சர் போயிட்டாக" என்றார். தன் மனைவியை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் எல்லோருக்கும் போலவே அவருக்கும் கோமதி, டீச்சர்தான். உள்ளே வரச் சொன்னேன். தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார். காலையில் எழுந்த டீச்சர் கட்டிலிலேயே உட்கார்ந்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டியிருக்கிறார். அதற்கு மேல் ஒன்றும் இல்லையாம். இன்னும் சில வீடுகளுக்குச் சொல்ல வேண்டும் என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஏறி மிதிக்கிற தெம்பு அவருக்கும் இல்லை.

எங்கள் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களில் யார் போனாலும், தமிழ் டீச்சர்தானே, நீங்கள் எழுதுங்கள் என்று என்னிடம் வந்துவிடுகிறார்கள். எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது. நல்லவர், எளியவர், கடமை தவறாதவர் என்று எல்லோருக்கும் ஒரே சட்டையை மாட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கோமதி டீச்சருக்கு அந்தச் சட்டை சேராது. அருப்புக்கோட்டையில் படகு கட்டிக் கண்மாயில் குடியிருந்த பெண் அவர் ஒருவர்தான். அவரிடம் இயற்பியல் படித்த பெண்கள் 'கப்பல் டீச்சர்' என்று சிரித்திருப்பீர்கள். அந்தக் கப்பல் எதற்கு என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அவருக்கு இளைப்பு நோய், ஆஸ்துமா. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் இந்தப் பள்ளிக்கு வந்தபோதே அது முற்றியிருந்தது. கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர்கள் வீட்டுக்குப் பின்சுவர், பருத்தியில் கொட்டை நீக்குகிற ஜின்னிங் மில்லின் சுவர். மாசி தொடங்கிவிட்டால் பஞ்சுத்தூசி தெருவெல்லாம் பறக்கும். துவைத்துப் போட்ட சேலையில் மீசை முளைத்த மாதிரி ஒட்டியிருக்கும். அந்த மாதங்களில் அவர் படுத்துத் தூங்கியதே கிடையாது. சுவரோரம் தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய வைப்பார். காலையில் பள்ளிக்கு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். நான் அலுப்பாக இருக்கிறது என்று சொன்னால், "உங்களுக்கு அலுப்பு, எனக்கு இளைப்பு. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுதான்" என்பார்.

மதுரையில் ஒரு மருத்துவர், தூசி இல்லாத இடத்துக்குப் போனால் பிழைப்பீர்கள் என்று சொல்லி அனுப்பினார். தூசி இல்லாத இடம் எங்கே இருக்கிறது? மலைப்பக்கம் மாற்றல் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே வீடு பார்த்தால் அங்கே பஞ்சு இல்லை, கரிசல் புழுதி இருந்தது. ஆடிக் காற்றுக்கு அது ஆளையே மறைக்கும். வேலையை விட முடியாது. அண்ணாச்சிக்கு லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை; அதையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒருநாள் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே சொன்னார்: "யோசிச்சுப் பாத்தேன் டீச்சர். நம்ம ஊருப் பக்கம் தூசி இல்லாத எடம்னா அது கண்மாய்த் தண்ணிக்கு நடுவுலதான்." எல்லோரும் சிரித்தோம். அரசாங்கத்தில் யாரையாவது தண்டிக்க வேண்டுமென்றால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவதாகச் சொல்வார்களே, அந்தக் காட்டிலே இருந்துகொண்டு படகைப் பற்றிப் பேசினால் வேறு என்ன செய்வது? அவர் சிரிக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அண்ணாச்சியின் பட்டறையில், லாரிகளுக்கு நடுவே அந்தப் படகு உருவானது. ஆங்கிள் இரும்பில் சட்டம், அதன் மேல் லாரிக்கு அடிக்கிற இரும்புத் தகடு, தட்டையான அடிப்பாகம். மேலே ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, சன்னலுக்கெல்லாம் கொசுவலை. பார்க்க, சக்கரம் கழற்றிய பஸ் மாதிரி இருந்தது. தண்ணீருக்கு அடியில் சுற்றுகிற வழக்கமான விசிறியை வைத்தால் கண்மாய்ப் பாசியில் சிக்கும் என்று, பின்பக்கம் நீர்ச்சக்கரம் ஒன்றை மாட்டினார்கள். அதைச் சுற்றுவதற்கு, நூல் மில்லில் கழித்துப் போட்ட பேட்டரி வண்டியின் மோட்டார். பலகைக்கு அடியில் லாரி பேட்டரிகள். கூரை முழுக்கச் சூரிய ஒளித் தகடுகள். பெங்களூரில் அந்தத் தகடு செய்கிற தொழிற்சாலையில் டீச்சரின் தம்பி வேலை பார்த்தார். ஓரத்தில் பழுது என்று ஒதுக்கியவற்றை அவர் அங்கே கேட்டு வாங்கி, வைக்கோல் சுற்றி லாரியில் அனுப்பினார். அந்தத் தகடுகளைக் கோத்து, கம்பி இழுத்து, எது எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று பார்த்துப் பார்த்து வைத்தது டீச்சர். வெல்டிங் புகை அவருக்கு ஆகாது. அதனால் அண்ணாச்சி பகலில் பற்றவைப்பார். பள்ளி விட்டு டீச்சர் வருவதற்குள் வேலையை நிறுத்திவிட்டுப் பட்டறையைக் கழுவிவிடுவார்.

எதற்கு இவ்வளவு வம்பு, இரண்டு துடுப்பு போதாதா என்று கேட்டேன். "துடுப்புப் போட்டா மூச்சு போகும். டீசல் போட்டாலும் மூச்சு போகும். மிச்சம் இருக்குறது வெயிலு ஒண்ணுதான். அது நம்மகிட்ட வேண்டிய மட்டும் இருக்கு" என்றார்.

படகு முடிந்தது. மழை வரவில்லை. அடுத்த வருடமும் பொய்த்தது. பட்டறைக்கு வருகிற டிரைவர்கள், அண்ணாச்சி, இது எந்தத் துறைமுகத்துக்கு என்று கேட்டுக் கேட்டு அவர்களுக்கே சலித்து விட்டுவிட்டார்கள். ஒருநாள் பள்ளி முடிந்து போனேன். டீச்சர் அந்தப் படகுக்குள் கட்டிலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். வெளியே லாரிக்கு ஆணி அடிக்கிற சத்தம். கொசுவலையைத் தாண்டித் தூசி கொஞ்சம் குறைவாகத்தான் வருகிறது என்றார்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு வருடம், ஐப்பசி முழுக்க ஏமாற்றிவிட்டுக் கார்த்திகையில் கொட்டியது. திருச்சுழிக்குப் போகிற வழியில் இருக்கிற ஒரு பெரிய கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தது. அந்த ஊரின் பெரிய ஆள் முத்திருளாண்டி. அண்ணாச்சியிடம் லாரிக்குப் பாடி கட்டியவர். ஊர்க்கூட்டத்தில் பேசி அனுமதி வாங்கித் தந்தவர் அவர்தான். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு சொட்டு அசுத்தம் கூடத் தண்ணீரில் விழக் கூடாது. அவர் அதைச் சொன்னபோது பின்னால் ஊர் எருமைகளெல்லாம் கண்மாய்க்குள் ஆனந்தமாகக் கிடந்தனவாம். டீச்சர் எருமைகளைப் பார்த்தார், முத்திருளாண்டியைப் பார்த்தார், சரி என்று தலையாட்டிவிட்டார். இருந்த வரைக்கும் கழிவை வாளியும் சாம்பலுமாகக் கரைக்குக் கொண்டுவந்து குழி தோண்டி மூடினார்கள். அந்தச் சிரமத்தைப் பற்றிக் கேட்க எல்லோரும் கூச்சப்பட்டார்கள். டீச்சர் கூச்சப்படாமல் சொல்வார்.

படகை இறக்கிய அன்று நானும் கரையில் நின்றேன். தண்ணீரில் பட்டதும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பேட்டரிகளையெல்லாம் ஒரே பக்கம் வைத்திருந்தார்கள். ஊரே ஓவென்று கத்தியது. அண்ணாச்சி இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக மாற்றி வைத்த பிறகு நிமிர்ந்தது. சக்கரம் சுற்றத் தொடங்கியதும் சத்தமே இல்லாததால், படகு நகர்வது முதலில் யாருக்கும் புரியவில்லை. கண்மாய்க்குள் வளர்ந்திருந்த கருவேல மரங்கள் பாதிக்கு மேல் மூழ்கித் தலை மட்டும் தெரிந்தது. அந்தத் தலைகளுக்கு நடுவே, முள் உரசிக் கிறீச்சிட, பஸ் மாதிரியான அந்த வஸ்து மெல்லப் போனது.

மறுநாள் காலையில் அண்ணாச்சி பள்ளிக்கூட வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடினேன். அவர் கண் சிவந்திருந்தது. "டீச்சர் நேத்து படுத்துத் தூங்கிட்டாக" என்றார். "தலைகாணி ஒண்ணே ஒண்ணுதான் வச்சாக. நான்தான் தூங்கல. மூச்சு வருதா, வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." இதைச் சொல்வதற்காகவே பஸ் ஏறி வந்திருக்கிறார்.

எல்லாம் சுகமாக நடந்தது என்று எழுத மாட்டேன். கார்த்திகையில் மேகம் விலகவே இல்லை. தகடுகள் சும்மா கிடந்தன. பேட்டரி இறங்கிப் போய் நடுக் கண்மாயில் படகு நின்றுவிட்டது. காற்று அதைத் தள்ளிக் கருவேலங்கூட்டத்துக்குள் சொருகியது. கரையிலிருந்து ஆட்கள் நீந்திப் போய்க் கயிறு கட்டி இழுத்தார்கள். நனைந்துபோய்ப் பள்ளிக்கு வந்த டீச்சர் என்னிடம் சொன்னதை நான் பல மேடைகளில் திருப்பிச் சொல்லியிருக்கிறேன்: "தண்ணி இருக்கையில வெயில் இல்ல. வெயில் இருக்கையில தண்ணி இல்ல. நடுவுல ரெண்டு மாசம் ரெண்டும் இருக்கும். அதுக்குள்ள வாழ்ந்துக்கிரணும்."

அந்த இரண்டு மாதம் மார்கழிக் கடைசியில் வந்தது. பொங்கல் விடுமுறையில் நான் அவர்களோடு தங்கினேன். காலையில் டீச்சர் கண்ணாடி பதித்த சூரிய அடுப்புப் பெட்டியைக் கூரையில் வைத்து அரிசியைப் போட்டுவிடுவார். உச்சி வெயிலுக்குச் சோறு வெந்திருக்கும். குழம்புக்கு மட்டும் அண்ணாச்சி கரைக்குப் போய் விறகடுப்பு மூட்டுவார், புகை இந்தப் பக்கம் வராத காற்று பார்த்து. கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருந்தன. படகு பக்கத்தில் போனாலும் அவை எழுந்து பறப்பதில்லை. பள்ளி நாட்களில் காலையில் படகு டீச்சரைக் கரையில் கொண்டுவந்து விடும். கரையிலிருந்து ரோட்டுக்கு நடந்து பஸ் ஏறுவார். கண்டக்டர் சில நாள் வண்டியை நிறுத்தி, கப்பல் வரட்டும் என்று காத்திருப்பாராம். அந்த விடுமுறையில் டீச்சர் ஒரு பாட்டை முழுசாகப் பாடி நான் கேட்டேன். நடுவில் மூச்சு வாங்காமல் ஒரு அடியை முடித்துவிட்டு, தானே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார்.

மாசியில் அது முடிந்தது. மழை பிந்தியதால் அந்த வருடம் நடவும் பிந்தியிருந்தது. கதிர் பால்பிடிக்கிற நேரத்தில் கண்மாய் வற்றிவிட்டது. மடைக்குப் பக்கத்தில் பள்ளமான இடத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. படகு அதில்தான் மிதந்தது. அதைத் திறந்துவிட்டால் வயலுக்கு ஒரு தண்ணீர் பாயும். படகு தரை தட்டும். திறக்காவிட்டால் டீச்சருக்குப் பங்குனி வரை மூச்சு இருக்கும். டவுனில் ஜின்னிங் மில் ஓடத் தொடங்கியிருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் போயிருந்தேன். முத்திருளாண்டி இரண்டு மூன்று பேரோடு கரையில் வந்து நின்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பேச்சைத் தொடங்க அவருக்கு வரவில்லை. விஷயம் புரிந்துகொண்ட அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"இன்னும் ஒரு மாசம் தண்ணி கெடந்தா டீச்சர் ஒரு மாசம் மூச்சு விடுவாக. பஞ்சு பறக்குற மாசம்யா இது. தெரிஞ்சுதான கேக்க வந்திருக்கீக?"

"நான் தொறக்கணும்னு வரல அண்ணாச்சி" என்றார் முத்திருளாண்டி. "ஊருல பொம்பளைக டீச்சருக்காகத் தொறக்க வேணாம்னு சொல்றாக. வயக்காரவுக தொறக்கணும்ங்கிறாக. எனக்கும் கடைமடையில பயிரு நிக்குது. என்ன செய்யன்னு கேக்க வந்தேன்."

டீச்சர், யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவர்கள் போன பிறகு புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சண்டை. நாம் என்ன ஊரைக் கெடுக்கவா வந்தோம் என்று டீச்சரும், உன்னை அந்த வீட்டுச் சுவரோரம் மறுபடி உட்கார வைக்கவா இவ்வளவு இரும்பை அடித்தேன் என்று அண்ணாச்சியும். அதற்கு முன்னும் பின்னும் அண்ணாச்சி டீச்சரை ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் டீச்சர் விடுப்பு எடுத்துக்கொண்டு வாய்க்கால் வழியாகக் கடைமடை வரைக்கும் நடந்து போனார். நானும் போனேன். போகப் போக மண் வெடித்திருந்தது. கதிர்கள் வெளுத்து நின்றன. ஒரு வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்தாள். தண்ணீரைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. தூக்குவாளியைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டாள். திரும்பி வரும்போது டீச்சர் நேராக முத்திருளாண்டி வீட்டுக்குப் போனார்.

"தொறந்துவிடுங்க" என்றார். முத்திருளாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. "கும்பிடாதீங்க. நான் பெரிய மனசு பண்ணிச் சொல்லல. எனக்கு இங்கன இருக்கத்தான் ஆசை. வேற வழி தெரியல, அதான் சொல்றேன்."

மடையைத் திறந்த அன்று அவர் படகை விட்டு இறங்க மாட்டேன் என்றார். தண்ணீர் இறங்க இறங்க, படகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றில் உட்கார்ந்தது. சாயங்காலம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. அண்ணாச்சி பலகை போட்டார். டீச்சர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்.

நாங்கள் பயந்தது நடந்தது. பங்குனியில் மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாயோடு நினைவில்லாமல் கிடந்தார். முத்திருளாண்டி வந்து நாள் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போய்ப் பாருங்கள் என்றேன். "பாத்து என்னத்தச் சொல்ல" என்றார். அன்று சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மேலா, மழை மேலா, மில் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

டீச்சர் பிழைத்து வந்தார். அந்தக் கோடையில் வெயில் தாழ்ந்த நேரம் பார்த்து, காய்ந்து கிடந்த படகைப் பார்க்க மூன்று பேரும் போனோம். கண்மாய் பூராவும் வெடித்துக் கிடந்தது. படகைச் சுற்றி மட்டும் ஆழமான பள்ளம். வருடா வருடம் கோடையில் கண்மாய்க்குள் கரம்பை என்கிற வண்டல் மண்ணை வெட்டி வயலுக்குக் கொண்டுபோவது அந்தப் பக்கத்து வழக்கம். அந்த வருடம் ஊர்க்கூட்டத்தில் பேசி, ஆளாளுக்கு இஷ்டப்பட்ட இடத்தில் வெட்டக் கூடாது, எல்லோரும் படகைச் சுற்றித்தான் வெட்ட வேண்டும் என்று வைத்துவிட்டார்களாம். அந்தப் பள்ளம் மடையின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. இனி மடையை எவ்வளவு திறந்தாலும் அதற்குள் நிற்கிற தண்ணீர் வெளியே போகாது. முத்திருளாண்டி ஒரு வண்டியில் மண் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்று, "இனிமே டீச்சர் இன்னும் ஒரு மாசம் சேத்து இருக்கலாம்" என்றார். டீச்சர் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கண்மாய் அதற்குப் பிறகு இரண்டு தடவைதான் அப்படிப் பெருகியது. இரண்டு தடவையும் அவர் அந்தப் பள்ளத்தில், வயல் அறுத்து முடிந்த பிறகும் மிதந்துகொண்டிருந்தார். பஞ்சு பறக்கிற மாதத்தைப் பாதியாவது தண்ணீர் மேல் கழித்தார். மற்ற வருடங்களெல்லாம் வழக்கம்போல வறண்டன. அவரும் வழக்கம்போலச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இரும்பு துருப்பிடித்து அடியில் ஓட்டை விழுந்தது. ஓய்வு பெற்ற வருடம், வெட்டிப் போட்டுவிடுங்கள் என்று டீச்சரே சொன்னார். கட்டிய கையாலேயே அண்ணாச்சி அதை வெட்டினார். சூரிய ஒளித் தகடுகளை அந்த ஊர்த் தொடக்கப் பள்ளிக்கூடத்துக் கூரையில் மாட்டிவிட்டு வந்தார்கள். அங்கே விளக்கு எரிவதாகக் கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் பஸ் ஏறுவதென்றாலே மலைப்பாக இருக்கிறது.

நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. கடைசிச் சில வருடங்களில் நாங்கள் இரண்டு பேரும் காலையில் நடக்கப் போவோம். மூச்சு வாங்குகிறவர்கள் பொதுவாக அதை மறைப்பார்கள். கடையைப் பார்ப்பதுபோல நிற்பார்கள், செருப்பைச் சரி செய்வார்கள். கோமதி டீச்சர் அப்படிச் செய்ய மாட்டார். தெருவின் நடுவானாலும் நின்றுவிடுவார். பின்னால் வருகிறவர்கள் விலகிப் போவார்கள். "நின்னுட்டுப் போவோம் டீச்சர்" என்பார். மூச்சு வந்த பிறகு நடப்பார். இந்த வயதில் எனக்கும் மூட்டு வலி, தலைசுற்றல், சொல்லத் தெரியாத அசதி. நேற்று அவர் காரியத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில் என்னால் நடக்க முடியவில்லை. பக்கத்தில் வந்தவர்கள் என்ன டீச்சர், என்ன என்று பதறினார்கள். ஒன்றுமில்லை, களைப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்தக் கூட்டத்துக்கு நடுவே அப்படியே நின்றேன்.